காயலில் தூண்டில் போட ஒரு கயாக்: வாங்குவதும் சாமான் கட்டுவதும்

"எந்த கயாக் வாங்கலாம் அண்ணே" என்று, தூண்டில் போட இந்தச் சின்னத் துடுப்புப் படகைத் தேடிக் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எந்தத் தண்ணீரில் இறக்கப்போகிறீர்கள்? பாதிப் பேரிடம் இதற்குப் பதில் இருக்காது. விலை தெரியும், நிறம்கூட முடிவாகியிருக்கும், தூண்டில் கம்பு சொருக எத்தனை ஹோல்டர் என்பது வரைக்கும் வீடியோ பார்த்து வைத்திருப்பார்கள். தண்ணீரை மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதனால் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை.

முதலில் தண்ணீர்

குமரி மேற்கிலும் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை வட்டாரத்திலும் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் எல்லாத் தண்ணீரும் நமக்கானதல்ல. குளம் என்றால் மீன்பாசி குத்தகை யாரிடம் இருக்கிறது என்று ஊரில் விசாரியுங்கள். ஏலம் எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்த்த மீனை நீங்கள் போய்த் தூக்கிக்கொண்டு வந்தால் அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயரில்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி மாதிரி அணைகளில் அனுமதி இல்லாமல் இறங்கும் எண்ணமே வேண்டாம். நெய்யாறு அணையில் முதலையும் உண்டு.

புதியவருக்கு ஏற்றது ஆற்றின் கடைசிப் பகுதியும் காயலும்தான். தேங்காய்ப்பட்டணத்துக்கு மேலே குழித்துறையாறு அகன்று மெதுவாகிற இடம், பூவாரில் நெய்யாறு, நாகர்கோவில்காரர்களுக்கு மணக்குடிக் காயல். கரிமீன், கொடுவா, செம்பல்லி, மடவை, குட்டிப் பாறை எல்லாம் இந்த உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கிற இடத்திலேயே கிடைக்கும். கொடுவாயைக் கேரளப் பக்கம் காளாஞ்சி என்பார்கள், ரெண்டு பெயரும் தெரிந்திருந்தால் எந்தக் கடவிலும் பேச்சுக் கொடுக்கலாம். 1860இல் திருவிதாங்கூர் காலத்தில் வள்ளம் போவதற்காக வெட்டத் தொடங்கிய ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயை வரைபடத்தில் பார்த்துவிட்டு சிலர் ஆசைப்படுவார்கள். பல இடங்களில் அது ஆகாயத்தாமரையும் குப்பையுமாக அடைந்து கிடக்கிறது, நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆறு கடலில் சேரும் வாயான பொழி பக்கம் போகவே கூடாது. ஆற்று நீர் வெளியே இழுக்கும், கடல் அலை உள்ளே தள்ளும், ரெண்டும் மணல் திட்டின் மேல் மோதும் இடம் அது. தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில், தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிறவர்களின் படகுகளே மறிந்து உயிர்கள் போயிருக்கின்றன. முப்பது கிலோ பிளாஸ்டிக்கில் உட்கார்ந்திருக்கும் நாம் எம்மாத்திரம்? கடல் ஆசையை ஒரு வருஷத்துக்குத் தள்ளி வையுங்கள், இந்தக் கட்டுரை காயலுக்கு மட்டும்.

எந்த மாதிரி

கயாக் என்பது வடதுருவப் பக்கத்து இனூயிட் மக்களின் தோல் படகு. அங்கே தண்ணீர் விறைக்கிற குளிர், அதனால் இடுப்பு வரை உள்ளே நுழைத்து, படகின் வாயை மூடிக்கொண்டு உட்காருவார்கள். நம் காயலில் தண்ணீர் வெதுவெதுப்பு. உள்ளே உட்காரும் வகையில் நமக்கு லாபம் ஒன்றும் இல்லை, ஆனால் நஷ்டம் உண்டு: மறிந்தால் தொட்டி மாதிரி நிறைந்துவிடும், நடுக்காயலில் தனி ஆளாக அதை இறைத்து வெளியேற்றுவது நடக்காத காரியம்.

ஆகவே மேலே உட்காரும் வகை, சிட்-ஆன்-டாப் என்று கேட்டு வாங்குங்கள். உடல் முழுக்க மூடிய கூடு, மேலே இருக்கை, தளத்திலிருந்து அடிவரைக்கும் ஊடுருவிப் போகிற ஸ்கப்பர் துளைகள். அலை அடித்துத் தண்ணீர் ஏறினால் அந்தத் துளை வழியாகத் தானே இறங்கிவிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் "ஓட்டையாக்குமே!" என்று பதறுவார்கள். நம் கடற்கரைக்குப் புதிதே இல்லை இது. கட்டுமரத்தில் மரத்துக்கும் மரத்துக்கும் இடையே தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் நாள் முழுக்க நடக்கும், யாரும் இறைப்பதில்லை, அது மூழ்குவதும் இல்லை. கட்டுமரத்துக்கு முதுகு சாய ஒரு நாற்காலி போட்டால் எப்படியோ அதுதான் இந்தக் கயாக். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சாமான் கட்டும்போது பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும்.

காற்றடைக்கும் கயாக் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு வசதி, மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம். ஆனால் லேசானது என்பதால் காற்று அதை இழுத்துக்கொண்டு போகும். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பி ஓடும் கெளுத்தி முள்ளும் அதற்கு எமன். மிதித்து ஓட்டும் பெடல் கயாக் கையைச் சும்மா விடும், தூண்டில்காரனுக்கு அது பெரிய வரம்தான், ஆனால் விலை துடுப்புக் கயாக்கைப் போல ரெண்டு மூன்று மடங்கு. ஆகாயத்தாமரையும் அறுந்த வலையும் மிதக்கிற நம் காயலில் அடியில் சுற்றிக்கொண்டால் கையை விட்டு அவிழ்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் கயாக்காக வேண்டாம்.

நீளம் 10 முதல் 12 அடி. 10 அடிக்குக் கீழே போனால் சட்டென்று திரும்பும், ஆனால் நேராகப் போகாது, ஒவ்வொரு தள்ளுக்கும் மூக்கு ஆடும். அகலம் 30 முதல் 34 அங்குலம். அகலம் கூடக் கூட ஆட்டம் குறையும், வேகமும் குறையும். கடைக்காரர் "நின்றே தூண்டில் போடலாம் சார்" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு உட்கார்ந்தே போடுங்கள்.

தாங்கும் எடை என்று அச்சடித்திருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. அதில் 70 சதவீதம்தான் உங்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் 78 கிலோ, நங்கூரம், பெட்டி, தண்ணீர், ஐஸ், சாமான் எல்லாம் சேர்ந்து 20 கிலோ, ஆக 98. 98ஐ 0.7ஆல் வகுத்தால் 140. அப்படியானால் 140 கிலோவுக்குக் குறைந்த எதையும் நான் பார்க்கவே கூடாது. எடை மிஞ்சினால் மூழ்கிவிடாது, ஆனால் ஸ்கப்பர் துளை வழியாகத் தண்ணீர் மேலே வந்து நாள் முழுக்க ஈரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆட்டமும் கூடும்.

கடையில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்த பாலிஎதிலின் கயாக் 25 முதல் 35 கிலோ இருக்கும். காலையில் உற்சாகத்தில் கடவுப் படியில் இறக்கிவிடுவீர்கள். வெயிலில் ஆறு மணி நேரம் துடுப்புப் போட்டுவிட்டு பாசி பிடித்த அதே படியில் தனி ஆளாக ஏற்ற முடியுமா? கடையிலேயே ஒரு தடவை தூக்கிப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள்.

பழையது வாங்கலாம், தப்பில்லை. அடியில் கீறல் இருப்பது சாதாரணம். ஸ்கப்பர் துளையின் விளிம்பிலும் இருக்கைக்கு நேர் கீழேயும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வரும். அப்புறம் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் ஏறி உட்காருங்கள், கரையேறி, கூட்டுக்குள் புகுந்த தண்ணீரை வடிக்கும் பின்பக்க அடைப்பானைத் திறந்து சாய்த்துப் பிடியுங்கள். நாலு சொட்டு வந்தால் பரவாயில்லை, ஒழுக்காக வந்தால் விற்பவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

கயாக்குக்கு முன்னால் ரெண்டு செலவு

லைஃப் ஜாக்கெட்டும் துடுப்பும். மீதிக் காசில்தான் கயாக், இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஜாக்கெட் பஞ்சு வைத்த வகை, முதுகுப் பக்கம் உயரமாக முடிவது. அப்போதுதான் இருக்கையில் சாயும்போது மேலே தள்ளாது. போட்டு எல்லாப் பட்டையையும் இறுக்கிவிட்டு, கூட வந்தவரை ரெண்டு தோளையும் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். மோவாயைத் தாண்டி வந்தால் பெரிது. வாங்கிய பிறகு காலுக்கடியில் போட்டு வைக்காதீர்கள். தண்ணீரில் விழுந்தபிறகு அதைப் போட்டுக்கொண்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

துடுப்பு ரெண்டு பக்கமும் அலகு உள்ளது, 240 முதல் 250 சென்டிமீட்டர். கயாக் 34 அங்குலத்துக்கு மேல் அகலம் என்றால் 260. கட்டையான துடுப்பில் ஒவ்வொரு வீச்சுக்கும் கை விரல் முட்டி பக்கவாட்டில் இடிக்கும்.

முதல் மாதம் எதையும் கட்டாதீர்கள்

வாங்கிய அன்றே டிரில் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். முதல் மாதம் ஒரே ஒரு கம்பு, ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். இந்த மாதத்தில் உங்கள் உடம்பு எங்கே சாய்கிறது, துடுப்பு எந்த இடத்தைத் தட்டுகிறது, எந்தப் பக்கம் திரும்பி எதை எடுக்கிறீர்கள் என்பது பழகிவிடும்.

மறிந்தால் ஏறுவதும் இந்த மாதத்தில்தான். நெஞ்சளவு தண்ணீரில் ஒரு நண்பரை நிற்க வைத்துக்கொண்டு வேண்டுமென்றே கவிழுங்கள். தலைகீழாகக் கிடக்கும் கயாக்கின் குறுக்கே கையை நீட்டி, அந்தப் பக்க விளிம்பையோ பட்டையையோ பிடித்து உங்கள் பக்கமாகச் சாய்த்தால் நிமிர்ந்துவிடும். அப்புறம் நடுப்பகுதிக்கு வந்து, காலைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து நீந்துவது போல் உதைத்து, வயிற்றைக் கொண்டு குறுக்கே ஏறிப் படுங்கள். நிமிர்ந்து ஏற முயன்றால் மறுபடி உங்கள் மேலேயே கவிழும். படுத்தபடியே புரண்டு இருக்கையில் உட்காருங்கள், கடைசியாகத்தான் காலை உள்ளே எடுக்க வேண்டும். பத்துத் தடவை செய்யுங்கள். ஏற வராதவர் தனியாகக் காயலுக்குப் போகக் கூடாது.

கட்டுவது

ஒரு விடியற்காலை, குழித்துறையாற்றில், நீர் வற்றி இறங்குகிற நேரம். நங்கூரக் கயிறை இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த கைப்பிடியில் கட்டியிருந்தேன், அதுதான் கைக்கெட்டும் இடம் என்று. கயிறு இறுகியது. ஓட்டம் பக்கவாட்டில் வந்து மோதியது, கயாக் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது, நான் அவிழ்க்கக் குனிந்தேன், அவ்வளவுதான். மூன்று வினாடி இருக்குமா? ரெண்டு கம்பு, போன், கண்ணாடி, ஒரு டப்பா நிறைய முள்ளும் ஈயக்குண்டும் போய்விட்டன. சற்றுத் தள்ளி வள்ளத்தில் வலை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் வந்து, என் கயிறை அறுத்துவிட்டுக் கரை சேர்த்தார். திட்டவில்லை. "மக்கா, கெட்டாத சாமான் ஒனக்க சாமான் இல்ல, தண்ணிக்க சாமானாக்கும்" என்றார். "செரி பாட்டா" என்றேன். அதற்குமேல் என்ன சொல்ல?

அதனால் நங்கூரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நங்கூரம் எப்போதும் முன் நுனியிலோ பின் நுனியிலோ இருந்துதான் இழுக்க வேண்டும், ஒருபோதும் நடுப்பக்கத்திலிருந்து அல்ல. உட்கார்ந்த இடத்திலிருந்து நுனிக்குக் கை எட்டாது, அதற்குத்தான் ஆங்கர் டிராலி. முன் நுனியில் ஒரு சின்னக் கப்பி, பின் நுனியில் ஒரு கப்பி, ரெண்டுக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் கயிறு வளையமாக, கொடியில் துணி நகர்த்துவது மாதிரி ஓடும். கயிறில் ஒரு ஸ்டீல் வளையம். நங்கூரக் கயிறை வளையத்தின் வழியாக விட்டு, பக்கத்துக் கயிறை இழுத்தால் வளையம் நுனிக்குப் போய்விடும். நங்கூரம் ஒன்றரைக் கிலோ, மடக்கும் நாலு கொக்கி வகை போதும். நம் காயலில் 15 மீட்டர் கயிறு தாராளம், ஆழத்தைப் போல் மூன்று நாலு மடங்கு கயிறு விட்டால்தான் கொக்கி படுத்துப் பிடிக்கும். கயிற்றின் இந்த நுனியை நிரந்தரமாக முடிச்சுப் போடாதீர்கள், சட்டென்று கழற்றும்படி கொக்கியில் மாட்டி, நுனியில் ஒரு மிதவையும் கட்டிவிடுங்கள். சிக்கலென்றால் கழற்றி விட்டுவிட்டு அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஜாக்கெட்டிலேயே ஒரு சின்னக் கத்தி. இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நங்கூரமே வேண்டாம், ஒரு மூங்கில் கழியை ஊன்றிக் கட்டினால் போதும்.

கம்பு ஹோல்டர். இருக்கைக்குப் பின்னால் ரெண்டு பெரும்பாலும் வந்தே இருக்கும். முன்னால் ஒன்று போதும். எங்கே? தரையில் கயாக்கைப் போட்டு, உட்கார்ந்து, கண்ணை மூடி நூறு தடவை துடுப்பு வீசுங்கள். துடுப்பும் முழங்காலும் படாத, கை எட்டுகிற இடத்தில் டேப் ஒட்டுங்கள். அதே டேப்போடு ரெண்டு தடவை தண்ணீருக்கும் போய் வாருங்கள். அப்புறமும் அதே இடம்தான் சரி என்று பட்டால் துளை போடலாம். மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டு அந்த இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தடவிப் பாருங்கள், ஸ்கப்பர் குழாயில் துளை விழுந்தால் கதை முடிந்தது. முதலில் சின்ன பிட், அப்புறம் பெரிய பிட், மெதுவான வேகம், சீவலை உள்ளே விழவிடாதீர்கள். திருகைச் சுற்றிப் படகுக்கான சீலன்ட் வைத்து, உள்பக்கம் கை எட்டினால் வாஷரும் நட்டும் போட்டு இறுக்குங்கள். எட்டாத இடத்துக்கு, திருகும்போது துளைக்குள் புடைத்துப் பிடிக்கும் ரப்பர் வெல்நட். எல்லாத் திருகும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஹார்டுவேர் கடையில் "இதுவும் துருப்பிடிக்காது" என்று வேறு எதையாவது நீட்டினால் வாங்காதீர்கள், நம் உப்புக் காற்றில் ரெண்டு மாதத்தில் பழுப்புக் கண்ணீர் வடிக்கும்.

துளையே போட மனமில்லை என்றால் நல்ல யோசனை ஒன்று உண்டு. மீன் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிரேட்டின் மூலைகளில் ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகளை நைலான் டையால் கட்டி, கிரேட்டைப் பின்பக்கக் குழியில் ரப்பர் கயிறு போட்டு இறுக்கிவிடுங்கள். குழாயின் வாயைச் சூடுகாட்டிக் கொஞ்சம் விரித்தால் ரீலின் காம்பு அழகாக உட்காரும். நான் இப்போதும் இதைத்தான் வைத்திருக்கிறேன். ஒரே தொல்லை, தென்னை சாய்ந்து கிடக்கிற கரையோரமாகவோ தாழ்ந்த பாலத்துக்கு அடியிலோ போகும்போது பின்னால் கம்பு நிமிர்ந்து நிற்பது மறந்துபோகும், ஓலையில் மாட்டி முறிந்த சத்தம் கேட்டபிறகுதான் ஞாபகம் வரும்.

மற்றதெல்லாம் சீக்கிரம் சொல்லிவிடலாம். துடுப்புக்கு ஒரு கயிறு, ஒவ்வொரு கம்புக்கும் ஒரு கயிறு, இடுக்கிக்கு ஒன்று, கைவலைக்கு ஒன்று. ஆனால் தொங்குகிற நீளமான கயிறு ஒன்றுகூட இருக்கக் கூடாது, மறிந்தால் காலில் சுற்றும். போன் தண்ணீர் புகாத பையில், பை உங்கள் உடம்பில். கழுத்தில் விசில். தெர்மாகோல் பெட்டி வேண்டாம், நொறுங்கிக் காயலெல்லாம் மிதக்கும். மூடியுள்ள சின்ன ஐஸ் பெட்டியை இருக்கைக்குப் பின்னால் நடுவில் வையுங்கள். மீன் தேடும் கருவி கேட்கிறீர்களா? இவ்வளவு ஆழமில்லாத தண்ணீரில் அதைவிட, வள்ளக்காரர்கள் எங்கே வலை போடுகிறார்கள் என்று பார்ப்பது பலன் தரும். அவர்களுடைய வலைக்குக் குறுக்கே மட்டும் போகாதீர்கள்.

இறக்குகிற நாள்

விடியலில் காயல் கண்ணாடி மாதிரி இருக்கும். பத்து பதினோரு மணிக்குக் கடல் காற்று எழும்பினால் கதையே வேறு. துடுப்பில் நாம் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போவோம், எதிர்க்காற்று கொஞ்சம் பலமானால் அதில் பாதிகூட வராது. அதனால் போகும்போது காற்றுக்கு எதிராகவும் வரும்போது காற்றோடும் வருகிற மாதிரி திட்டம் போடுங்கள். பூவாரில் சுற்றுலாப் படகுகள் கிளம்புவதற்கு முன்பே திரும்பிவிடுவது உத்தமம், அவை எழுப்பும் அலையைப் பக்கவாட்டில் வாங்காமல் மூக்கை அதை நோக்கித் திருப்பி வாங்குங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் ஆறு செம்மண் கலரில் ஓடும்போது கயாக் வீட்டில் இருக்கட்டும். குமரியின் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். அது மீன் இனப்பெருக்கத்துக்காகத்தான், ஆனால் கடல் அந்த மாதங்களில் என்ன நிலைமையில் இருக்கும் என்பது தனிக்கதை. கள்ளக்கடல் என்றொன்றும் உண்டு: இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிந்திருக்கும், எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய அலை திருடன் மாதிரி வந்து கரையை அடிக்கும். 2024 மே 6ஆம் தேதி குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்தது இந்த மாதிரி எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனம் எச்சரிக்கை விட்ட நாளில் பொழிக்குப் பக்கத்துக் காயலிலும் இறங்காதீர்கள். கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554, ரெண்டையும் போனில் போட்டு வையுங்கள். எந்தக் கடவில் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு ஏறுவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இறக்குவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பின்பக்க அடைப்பானைக் கையால் திருகிப் பாருங்கள். போன மாதம் ஒருவர் கரையிலிருந்து நூறு மீட்டர் போன பிறகு, "கயாக் இன்னைக்கு ஏன் இவ்வளவு கனமா இருக்கு?" என்று என்னைக் கேட்டார். அடைப்பான் அவர் சட்டைப் பையில் இருந்தது.

திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் ரீலையும் திருகுகளையும் கப்பியையும் கழுவுங்கள். காரின் மேல் கட்டும்போது கவிழ்த்துப் போட்டு அகலப் பட்டையால் கட்டுங்கள், வெயிலில் சூடான பிளாஸ்டிக்கைக் கயிறு போட்டு இறுக்கினால் அந்த இடம் குழிந்துவிடும். வீட்டில் வெயில் படாத பக்கம், கவிழ்த்து, ரெண்டு பழைய டயர் மேல். அடைப்பானைத் திறந்தே விடுங்கள், உள்ளே இருக்கிற ஈரம் காயட்டும். ஆனால் திறந்த அடைப்பானைச் சட்டைப் பையில் போடாமல் கயாக்கின் கைப்பிடியிலேயே ஒரு நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.